நாற்பத்தொரு டிஸ்கெட்டும் ஓர் உறுமியும்

சுங்கை சிப்புட்டில் ஒலிபெருக்கி பழுது பார்க்கும் என் கடைக்கு, ஒரு சனிக்கிழமை மழையில், ஓர் இளைஞன் இரண்டு சாமான்களோடு வந்தான். ஒன்று அகாய் எஸ்2000 சேம்ப்ளர், சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு பேடிலோ கீபோர்டிலோ தட்டும்போது ஒலிக்கும் பெட்டி. மைவி காரின் பின்சீட்டில் வைத்து அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டியிருந்தான். மற்றது ஒரு பழைய மைலோ டின். அதற்குள் 41 டிஸ்கெட்டுகள், அந்தக் காலத்து ஃப்ளாப்பி.

"டிஸ்கெட் போட்டா படிக்க மாட்டேங்குது அண்ணே. ஈப்போவுல ஒரு கடையில காட்டினேன். உள்ள போர்டு போச்சு, இத தூக்கிப் போட்டுட்டு டிஸ்கெட்ட கம்ப்யூட்டர்ல ஏத்திக்கன்னு சொல்லிட்டாங்க. யூஎஸ்பி டிரைவ் வாங்கிப் போட்டா, ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது."

"பண்ணிட்டியா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒண்ணு பண்ணிட்டேன்."

ஃபார்மேட் ஆன அந்த டிஸ்கெட்டின் லேபிளில் நீல மையில் 'உறுமி 1' என்று எழுதியிருந்தது. எழுதியவர் அவன் பெரியப்பா. அவர் இறந்து நான்கு வருடமாகிறது. ஆடி மாதத் திருவிழாவில் அவர் சத்தத்தை வைத்து வாசிக்க வேண்டும் என்பதுதான் பையனின் ஆசை.

அதன்பின் எட்டு வாரம் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி டின்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன.

பின்னணி

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் 1948 ஜூன் 16 மட்டும்தான். அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு ஞாபகம் இருப்பது வேறு: பால்மரம் போய் செம்பனை வந்தது, லயன் வீடுகள் காலியானது, தோட்டத்துச் சனம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு இறங்கி வந்தது. பெரியப்பாவும் அப்படி வந்தவர்தான். காலையில் பால்வெட்டு, சாயங்காலம் கோயிலில் உறுமி. பிறகு தொண்ணூறுகளில் ஒரு கல்யாண இசைக்குழுவில் ரிதம் பேட்.

கையில் உறுமி இருக்கும்போது அதை ஏன் இயந்திரத்துக்குள் ஏற்ற வேண்டும்? நானும் இதைத்தான் கேட்டேன். குழுவில் தாளத்துக்கு அவர் ஒருவர்தான், இரண்டு கைக்கும் பேட் வேலை இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்று தோல். எங்கள் ஊர் ஈரத்தில் உறுமித் தோல் அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, சூடு காட்டி முறுக்கேற்ற வேண்டும். ஏர்கோன் போட்ட கல்யாண மண்டபத்தில் யார் தீ மூட்ட விடுவார்கள்? அதனால் தோல் நல்ல பதத்தில் இருந்த ஒரு ராத்திரி, கோயிலுக்குப் பின்னால் மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறார். பெரியம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். 1997இல் குழு ஆட்கள் கூட்டுப்போட்டு வாங்கிய செகண்ட்ஹேண்ட் இயந்திரம் இது.

அகாய் நிறுவனம் எஸ்900ஐ 1986இலும், 16 பிட் ஸ்டீரியோவான எஸ்1000ஐ 1988இலும் கொண்டுவந்தது. எஸ்2000 வந்தது 1995இல். கடையிலிருந்து வரும்போது அதன் நினைவகம் 2 மெகாபைட், 32 வரை ஏற்றலாம். அந்த 2 மெகாபைட்டில் முழுத் தரத்தில் ஒற்றை ஒலித்தடமாக ஏறத்தாழ 24 செகண்ட் பிடிக்கும். கரண்டை நிறுத்தினால் அதுவும் காலி. சத்தம் நிலையாக இருப்பது டிஸ்கெட்டில் மட்டும். மேடை ஏறும் ஒவ்வொரு முறையும் டிஸ்கெட்டைப் போட்டு ஏற்ற வேண்டும். ஆக, டிஸ்கெட் போனால் இயந்திரம் நன்றாக இருந்தும் பயனில்லை.

பழுது எங்கே

கரண்ட் கொடுத்தேன். திரையின் இரண்டு வரிகளும் ஒழுங்காக வந்தன. இந்த மாடலில் இயக்க மென்பொருள் உள்ளே ரோமிலேயே (அழியாத நினைவகச் சில்லு) எரிக்கப்பட்டிருப்பதால் எழுந்து நிற்க டிஸ்கெட் தேவையில்லை. ஒரு மைக்கை மிக்ஸர் வழியாகப் பின்னால் சொருகி, மேசையைத் தட்டிப் பதிவு செய்தேன். கீபோர்டிலிருந்து மிடி (எந்த நோட்டு, எவ்வளவு பலம் என்று கேபிளில் சொல்லும் சைகை) கொடுத்தேன். மேசைச் சத்தம் எல்லாச் சுருதியிலும் கேட்டது. பதிவு வேலை செய்கிறது, நினைவகம் வேலை செய்கிறது, வெளியீடு வேலை செய்கிறது. அப்படியானால் 'போர்டு போச்சு' என்ற பேச்சுக்கு இடமே இல்லை. அந்தக் கடையில் யாரும் மேசையைத் தட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூடியைக் கழற்றி டிஸ்கெட் டிரைவைப் பார்த்தேன். டிஸ்கெட்டைத் தொட்டுப் படிக்கும் மேல் ஹெட், கீழ் ஹெட் இரண்டிலும் பழுப்பாக ஒரு பசை. கடைசியாகப் போட்ட டிஸ்கெட்டின் ஷட்டரைத் தள்ளி டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். கறுப்புப் பரப்பில் வட்ட வட்டமாகக் கீறல், ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சணம்.

நடந்தது புரிந்துவிட்டது. பூஞ்சணம் பிடித்த ஒரு டிஸ்கெட் ஹெட்டை அழுக்காக்கியது. ஹெட்டில் ஒட்டிய அழுக்கு அடுத்த டிஸ்கெட்டைக் கீறியது. கீறலில் உதிர்ந்த துகள் இன்னும் கொஞ்சம் அழுக்கானது. பையன் 'இது படிக்கல, அடுத்தத போடு' என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறான். நல்லெண்ணத்தோடு நோயை வீடு வீடாகக் கொண்டு போன கதை. எத்தனை டிஸ்கெட் போட்டாய் என்று கேட்டேன். ஏழு என்றான். நல்லவேளை, அதற்கு மேல் பொறுமை இல்லை.

அந்த நிமிடத்திலிருந்து ஒரு விதி வைத்தோம்: டின்னிலிருந்து எதுவும் எந்த டிரைவுக்குள்ளும் போகக்கூடாது, கண்ணால் பார்த்து முடிக்கும்வரை. திருவிழாவுக்கு இயந்திரத்தைச் சரிசெய்யும் வேலையும் நின்றது. முதலில் படித்தெடுக்க வேண்டும், பழுது பார்ப்பது பிறகு. அவனுக்கு இது பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் ஏன் ஃபார்மேட் கேட்டது

கம்ப்யூட்டர் டிஸ்கெட்டில் ஒரு பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 செக்டர் (தடத்தின் துண்டு), செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் வருவதுதான் நாமெல்லாம் அறிந்த 1.44 மெகாபைட். அகாயும் அதே 80 தடங்களைத்தான் வைக்கிறது. ஆனால் தடத்துக்கு 10 செக்டர், செக்டருக்கு 1024 பைட். மொத்தம் 16,38,400 பைட். இதை 1.6 மெகாபைட் என்பார்கள். பழைய இரட்டை அடர்த்தி டிஸ்கெட்டில் தடத்துக்கு 5 செக்டர், மொத்தம் 800 கிலோபைட்.

சட்டை ஒன்றுதான், உள்ளே இருக்கும் மடிப்பு வேறு. யூஎஸ்பி டிரைவுகளுக்குள் இருக்கும் சில்லு கம்ப்யூட்டர் மடிப்புகள் சிலவற்றை மட்டும் அறியும். வேறு எதைக் கண்டாலும் வெற்று டிஸ்கெட் என்று எண்ணி, ஃபார்மேட் பண்ணவா என்று மரியாதையாகக் கேட்கும். இந்தக் கேள்விக்கு ஆம் சொல்லித் தொலைந்துபோன இசை உலகத்தில் எவ்வளவோ இருக்கும்.

பழைய மேசைக் கணினியின் உள்ளே, ரிப்பன் கேபிளில் மாட்டிய டிரைவ் இருந்தால் லினக்ஸில் இந்த மடிப்பைப் படிக்க வைக்கலாம். அதைவிட நல்ல வழி கிரீஸ்வீசல் என்ற சின்னப் பலகை. சாதாரண டிஸ்கெட் டிரைவை ஒரு பக்கமும் யூஎஸ்பியை மறுபக்கமும் மாட்டினால், அது செக்டரைப் பற்றிக் கவலைப்படாமல் தடத்தின் காந்தத் துடிப்பையே அப்படியே எடுத்துக்கொள்ளும். பொருள் பிரிப்பது பிறகு, கணினியில், ஆற அமர. தேய்ந்துபோன டிஸ்கெட்டை இரண்டாம் முறை சுழற்றவே பயமாக இருக்கும்போது இது பெரிய ஆறுதல். அகாயின் 800, 1600 இரண்டு வடிவமும் அதற்குத் தெரியும்.

டின்னைத் தரம் பிரித்தது

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. மேசையில் வெள்ளைத்துணி, டார்ச், கையுறை. ஒவ்வொரு டிஸ்கெட்டின் ஷட்டரையும் நகர்த்தி, நடு இரும்பைக் கீழிருந்து விரலால் மெல்லச் சுற்றி, இரண்டு பக்கமும் பார்த்தோம்.

மூன்றில் சேம்ப்ளர் சத்தமே இல்லை, கணினிக் கோப்புகள்: குழுவின் கணக்கு, பாட்டு வரிசை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பட்டியல். (பாக்கி வைத்தவர் சிலர் இன்றும் ஊரில் இருக்கிறார்கள்.) ஒன்று பையன் அழித்த 'உறுமி 1'. 29 அகாய் உயர் அடர்த்தி, 5 இரட்டை அடர்த்தி. மிச்சம் மூன்றைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இரட்டை அடர்த்தி டிஸ்கெட்டின் மூலையில் சால்டரிங் கம்பியால் சுட்டு ஓட்டை போட்டிருந்தார். உயர் அடர்த்தி டிஸ்கெட்டுக்கு அந்த மூலையில் ஒரு ஓட்டை இருக்கும், அதை வைத்துத்தான் டிரைவ் அடையாளம் காணும். மலிவான டிஸ்கெட்டில் ஓட்டை போட்டு ஏமாற்றி இரட்டிப்பு இடம் பிடிப்பது அந்தக் காலத்து வித்தை. ஆனால் காந்தப் பூச்சு வேறு என்பதால் எழுதியது நிலைக்காது. 'இந்த மூணும் கடைசி' என்று ஒதுக்கி வைத்தேன். இதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தவை 11.

இரண்டு டிரைவ் எடுத்துக்கொண்டோம். சுத்தமானவற்றுக்கு ஒன்று, சந்தேகத்துக்குரியவற்றுக்கு ஒன்று. இரண்டாவதில் ஒவ்வொரு டிஸ்கெட்டுக்குப் பிறகும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் ஹெட்டைத் துடைத்தோம். பூஞ்சணம் பிடித்ததை உறையைப் பிளந்து வட்டை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு அலசி, பஞ்சு படாமல் ஈரம் வடித்து, விசிறிக் காற்றில் உலர வைத்து, ஒரு பழைய டிஸ்கெட்டின் உறைக்குள் மாற்றினோம். உறையின் உள்ளே இருக்கும் மெல்லிய துணிதான் பூஞ்சணத்தின் வீடு. வட்டைக் கழுவி அதே உறைக்குள் திரும்ப வைப்பது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுகிற மாதிரி.

வெயிலில் காய வைக்கலாமா என்று பெரியம்மா கேட்டார். வடகம் இல்லை பெரியம்மா என்றேன்.

படித்ததில் கிடைத்தது

29இல் 22 முதல் தடவையே முழுசாக வந்தன. 5 கழுவியபின், மூன்று நான்கு முறை படித்தபின் வந்தன. 2இல் சில செக்டர்கள் போய்விட்டன. இரட்டை அடர்த்தி 5உம் ஒரு குறையும் இல்லாமல் வந்தன. அடர்த்தி குறைந்தால் ஆயுள் கூடும்.

ஒரு செக்டர் போனால் என்ன போகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது எனக்கே புதிதாக இருந்தது. 1024 பைட் என்றால் 16 பிட்டில் 512 மாதிரிகள் (ஒலியின் கணநேர அளவுகள்). 44.1 கிலோஹெர்ட்ஸில் அது 11.6 மில்லிசெகண்ட். உறுமியின் இழுப்புச் சத்தம் இருக்கிறதே, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து 'ஊம்ம்' என்று முனக வைப்பது, அதன் நடுவில் ஒரு செக்டர் போனால் சின்னதாக ஒரு 'டிக்', அவ்வளவுதான். இரண்டு பக்கத்தையும் இழைத்து ஒட்டிவிடலாம். அதே செக்டர் அடிச் சத்தத்தின் தொடக்கத்தில் போனால் அடியே போயிற்று. தாளக் கருவியின் முகம் முதல் பத்துப் பதினைந்து மில்லிசெகண்டில் இருக்கிறது. அதனால் 'எத்தனை செக்டர் பழுது' என்ற எண்ணிக்கை ஒன்றும் சொல்லாது. எது என்று பார்க்க வேண்டும்.

அவருடைய சிக்கனமும் தெரிந்தது. ஒரு டிஸ்கெட்டில் 44.1இல் ஒற்றைத் தடமாக 18 செகண்ட் சொச்சம்தான் பிடிக்கும். அடிச் சத்தங்களையெல்லாம் 44.1இல் வைத்திருக்கிறார். இழுப்புச் சத்தங்களை மட்டும் 22.05க்கு இறக்கியிருக்கிறார். அதில் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது, ஆனால் உறுமி முனகலுக்கு அந்த உயரத்தில் வேலையும் இல்லை. இடம் பாதியாகிறது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று வீட்டில் சொல்கிறார்கள். காது படித்திருக்கிறது.

பெயர்கள் இன்னொரு விருந்து. அகாயில் கோப்புப் பெயர் 12 எழுத்துக்கு மேல் போகாது. பெரிய ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, நான்கு குறிகள், அவ்வளவே. அந்தக் குறுகிய சந்துக்குள் அவர் தமிழை நுழைத்திருந்தார்: 'டும் 1' முதல் 'டும் 4' வரை, 'ஊம் நீளம்', 'ஊம் குட்டை', 'பெரட்டு மணி' (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் மணி). இந்தக் கடைசிப் பெயர் ஆங்கில எழுத்தில் இடைவெளியோடு சரியாக 12. ஸ்டீரியோவாக இருந்தால் இடது வலது என்று காட்ட வால் இரண்டு எழுத்துக்கு இடம் வேண்டும். இடமில்லை என்றால் அது ஒற்றைத் தடம். திறக்குமுன்பே சொன்னேன், பையன் திறந்து பார்த்தான், சரியாக இருந்தது. இந்த மாதிரிச் சின்ன வெற்றிகள் இல்லாவிட்டால் இந்த வேலையை யார் செய்வது?

வேவ் ஆக்கினால் போதாதா

இங்கேதான் எனக்கும் பையனுக்கும் வாக்குவாதம். அகாயுட்டில் என்ற இலவச நிரல் இந்த டிஸ்கெட் படிமங்களை (டிஸ்கெட் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்த நகல்) திறந்து, சத்தங்களை வேவ் என்ற சாதாரண ஒலிக் கோப்பாக எடுத்துத் தரும். அவன் எல்லாவற்றையும் அப்படி எடுத்து லேப்டாப்பில் போட்டு, பேடில் தட்டினான். சத்தம் வந்தது. முகம் மட்டும் மலரவில்லை.

"பெரியப்பா வாசிச்ச மாதிரி இல்லியே அண்ணே. மிஷின் கன் மாதிரி இருக்கு."

இருக்காதா? டிஸ்கெட்டில் சத்தம் மட்டும் இல்லை. சத்தத்துக்குப் பக்கத்தில் புரோகிராம் என்று இன்னொரு கோப்பு இருக்கும். எந்த நோட்டுக்கு எந்தச் சத்தம், எவ்வளவு சுருதி ஏற்றி இறக்கி, எப்படி அடங்க வேண்டும் என்பதெல்லாம் அதில். ஒரு புரோகிராமில் 99 கீகுரூப் (நோட்டுத் தொகுதி) வரை வைக்கலாம், ஒவ்வொன்றிலும் நான்கு வேக வட்டம். மெதுவாகத் தட்டினால் ஒரு சத்தம், ஓங்கித் தட்டினால் வேறு. 'டும் 1, 2, 3, 4' என்பது நான்கு தாளமல்ல, ஒரே அடியின் நான்கு பலம். அதிலும் அவர் நான்கையும் சமமாகப் பிரிக்கவில்லை. முதல் வட்டம் ரொம்ப அகலம், நான்காவது நூலளவு. கை உண்மையிலேயே ஓங்கினால் மட்டும் அந்தச் சத்தம் வரும். வேவ் ஆக்கினால் இந்தத் தீர்மானம் முழுக்கக் கொட்டிப் போகிறது. மிஞ்சுவது சரக்கு மட்டும்.

வேவ் எடுத்து வைப்பது காப்புக்கு நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்துவிட்டோம், இனி பெட்டி வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தச் சத்தங்கள் அந்தப் பெட்டிக்குள் திரும்பிப் போயாக வேண்டும்.

ஒரு சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். புரோகிராம் தன் சத்தத்தைத் தேடுவது பெயரை வைத்து. இடையில் பையன் 'அழகா இருக்கட்டும்' என்று படிமத்துக்குள் சில பெயர்களை மாற்றிவிட்டான். ஏற்றினால் பிழைச் செய்தி எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்கக் கேபிளைச் சந்தேகப்பட்டோம்.

திரும்ப உள்ளே போகும் வழி

புது டிஸ்கெட்டில் எழுதலாம் என்பது முதல் யோசனை. சோனி 2011 மார்ச்சில் ஜப்பானில் டிஸ்கெட் விற்பனையை நிறுத்தியது. இப்போது கிடைப்பதெல்லாம் பழைய சரக்கு. நம் தட்பவெப்பத்தில் இன்னொரு பத்து வருடத்தில் இன்னொரு மைலோ டின். வேண்டாம்.

மிடி வழியாகவே சத்தத்தை அனுப்ப ஒரு பொது முறை 1986 முதல் இருக்கிறது, கேபிளைத் தவிர எதுவும் வாங்க வேண்டாம் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். ஆனால் மிடி செகண்டுக்கு 3125 பைட் மட்டும் கடத்தும். அதில் ஒரு பைட்டில் ஏழு பிட்தான் சரக்கு, அதனால் 16 பிட் மாதிரி ஒன்றுக்கு மூன்று பைட். நாற்பது மாதிரிக்கு ஒரு பொட்டலம், பொட்டலத்துக்கு 127 பைட். கணக்குப் போட்டால் ஒரு செகண்ட் சத்தத்துக்கு 45 செகண்ட் ஆகிறது. ஒரு டிஸ்கெட் சரக்குக்குப் பதினான்கு நிமிடம், புரோகிராம் வராமல். அதை மேடைக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் செய்வதா?

ஸ்கஸி வழி, அதாவது வெளி டிஸ்க் டிரைவுகளைக் கேபிளில் கோத்து மாட்டும் பழைய இணைப்பு முறை, கவர்ச்சியானது. எஸ்2000இன் பின்னால் அந்தத் துளை இருக்கிறது, என்னிடம் 100 மெகாபைட் ஜிப் டிரைவும் இருந்தது. ஸ்கஸியில் ஒரே சங்கிலியில் ஒவ்வொரு கருவிக்கும் 0 முதல் 7 வரை தனி எண் வேண்டும், சங்கிலியின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் வேண்டும். ஜிப்பில் 5 அல்லது 6 மட்டும் தேர்ந்தெடுக்கலாம். நான் 6இல் வைத்திருந்தேன், சேம்ப்ளரும் 6. இரண்டு பேரும் ஒரே பெயருக்குக் குரல் கொடுக்க, எதுவும் நகரவில்லை. 5க்கு மாற்றியதும் வந்தது. வந்து என்ன? என் லேப்டாப்பில் ஸ்கஸி இல்லை, கையில் ஒரே ஒரு ஜிப் டிஸ்க். இன்று எஸ்டி கார்டை ஸ்கஸி ஹார்ட் டிஸ்காகக் காட்டும் பலகைகள் வருகின்றன. பெரிய சத்தத் தொகுப்பு வைத்திருப்பவர்களுக்கு அதுதான் வழி. எங்களுக்குத் தேவைப்பட்டது சின்னச் சின்ன டிஸ்கெட்டுகள், அவர் பிரித்து வைத்த அதே பிரிவில்.

அதனால் கோட்டெக். டிஸ்கெட் டிரைவ் இருந்த இடத்தில், அதே 34 பின் ரிப்பனில், டிரைவ் மாதிரியே நடிக்கும் ஒரு பெட்டி. முகப்பில் பென்டிரைவ் துளை. நூறு வெள்ளிக்குள் முடிந்தது. அதில் ஃபிளாஷ்ஃப்ளாப்பி என்ற மென்பொருளை ஏற்றினேன். ஏற்றியும் முதலில் எஸ்2000 'டிஸ்கெட் இல்லை' என்றது. காரணம் இரண்டு. படிமக் கோப்பில் பைட்டுகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன, தடத்துக்கு எத்தனை செக்டர் என்று அதில் எங்கும் எழுதவில்லை. அமைப்புக் கோப்பில் 'இது அகாய் வீடு' என்று ஒரு வரி சொன்னால்தான் 10 செக்டராக மடிக்கும். இரண்டாவது, டிஸ்கெட் மாறியதா, தயாரா என்ற சைகை வரும் 34ஆம் பின். அதில் எதை எதிர்பார்க்கிறது என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அந்த அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து மூன்றாவதில் பிடித்தது.

மிச்சம் இருந்தது ஒரு சிடி. கோலாலம்பூர் நண்பர் ஒருவர் எப்போதோ எரித்துக் கொடுத்ததாம். விண்டோஸ் அதைக் காலி என்றது, அதுவும் அகாய் வடிவம் என்பதால். முழு சிடியையும் படிமமாக எடுத்துத் திறந்தால் ஏ, பி, சி என்று பகுதி பகுதியாகப் பியானோவும் வயலினும். இந்த வடிவத்தில் ஒரு பகுதி 60 மெகாபைட்டுக்கு மேல் போகாது. எங்களுக்குத் தேவை இல்லை, எடுத்து வைத்தாயிற்று.

அடுத்த சறுக்கல் என்னுடையது. பையன் தன் உறுமியையும் கைப்பேசியில் பதிவு செய்து சேர்க்கச் சொன்னான். பெரியப்பா அடிக்குப் பக்கத்தில் அவன் அடி தொளதொளவென்று இருந்தது. தோலைக் காய வைக்கவில்லையா என்று திட்டினேன். பிறகுதான் பார்த்தேன், கைப்பேசி 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்திருக்கிறது. நான் அதை மாற்றாமல் 44.1 என்று முத்திரை குத்தி ஏற்றிவிட்டேன். ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன், அவன் ரோட்டி சானாய் வாங்கித் தரச் சொன்னான்.

சுட்ட ஓட்டை

நான் சிரித்து ஒதுக்கிய அந்த மூன்று டிஸ்கெட்டுகள். எல்லாம் முடிந்தபின், முடித்தோம் என்ற பெயருக்காக அவற்றைப் போட்டேன். ஒன்று சத்தமே இல்லை, துடிப்புக்கூட கிடைக்கவில்லை. ஒன்றில் பாதிக்கு மேல் பழுது. மூன்றாவதில் 1600 செக்டரில் மூன்று மட்டும் பழுது. பட்டியலைத் திறந்தால் 'டும் 1' முதல் 'டும் 4', இரண்டு 'ஊம்', ஒரு புரோகிராம்.

அது 'உறுமி 1'இன் நகல். மனிதர் முக்கியமானதற்கு ஒரு காப்பு எடுத்து வைத்திருக்கிறார். நல்ல டிஸ்கெட் தீர்ந்து போயிருக்கும் அல்லது காசு இல்லாமல் இருந்திருக்கும், மலிவு டிஸ்கெட்டில் ஓட்டை போட்டு எழுதியிருக்கிறார். நான் டின்னைத் தரம் பிரித்தபோது வைத்த வரிசையில் இதுதான் கடைசி. கழுவாமல், முதல் ஆளாகப் போட்டிருக்க வேண்டியது. லேபிள் இல்லை, அசிங்கமாக இருக்கிறது என்பதைத் தவிர ஒதுக்குவதற்கு என்னிடம் வேறு காரணம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று பழுதில் ஒன்று காலி இடத்தில். ஒன்று 'ஊம் நீளம்' நடுவில், இழைத்துவிட்டேன். மூன்றாவது 'டும் 3'இல், கோப்பின் இரண்டாவது செக்டர். தலைப்புத் தகவல் இருக்கும் முதல் செக்டர் தப்பியதால் கோப்பு திறக்கிறது. அடியின் முதல் ஒன்பது மில்லிசெகண்ட் இருக்கிறது, அடுத்த பன்னிரண்டு இல்லை, அதன்பின் எல்லாம் இருக்கிறது. கேட்டால் கதவைத் தட்டிவிட்டு யோசித்து மறுபடி தட்டுவது போல இருக்கும்.

'டும் 2'இன் தொடக்கத்தை வெட்டி ஒட்டலாம் என்றேன். கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. பழுதான கோப்பை அப்படியே விட்டு, புரோகிராமில் இரண்டாம் வட்டத்தின் எல்லையை நீட்டி நான்காவதோடு சேர்த்துவிட்டான். மூன்றாம் பலம் இப்போது பேச்சில் இல்லை. இது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான், ஆனால் பெரியப்பா அவனுடையவர். மூலப் படிமத்தை யாரும் தொடாதபடி மூன்று இடத்தில் நகல் வைத்திருக்கிறோம்.

திருவிழாவுக்கு முந்தைய ராத்திரி தாமான் வீட்டு வாசலில் ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தோம். பதிவுக்கு அடியில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கிறது, தோட்டத்து ஜெனரேட்டர். அதை அகற்றவில்லை. பேடில் கடைசிக் கட்டத்தை அவன் தட்ட, 'பெரட்டு மணி' கணீரென்று அடித்தது. பெரியம்மா உள்ளேயிருந்து வந்து நின்றார்.

"இது பெரட்டு மணி இல்லடா. பெரட்டு மணி கம்மியா கேக்கும். இது கோயிலுக்குப் பின்னால தொங்கின தண்டவாளத் துண்டு. அவருக்கு எப்பவும் ரெண்டும் ஒண்ணுதான்."

பெயரை மாற்றட்டுமா என்று பையன் என்னைப் பார்த்தான். மாற்றினால் புரோகிராமிலும் மாற்ற வேண்டும் என்றேன். விட்டுவிட்டான்.